ஆரோக்கியப்பச்சையும் மலைக்கு இந்தப் பக்கத்துக் காணி மக்களும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்துல செம்மரம் வளர்த்த 18 விவசாயிங்களுக்கு தேசிய பல்லுயிர் ஆணையம் 2025ல 55 லட்சம் ரூபா கொடுத்துச்சுன்னு செய்தி படிச்சதுல இருந்து எனக்கு மனசுல ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. மரத்தை எடுத்து வியாபாரம் பண்றவங்ககிட்ட ஒரு பங்கை வாங்கி அதை வளர்த்தவங்க கையில சேர்க்கிறது, இதுக்குப் பேருதான் பயன் பகிர்வு. இதுக்கான பல்லுயிர்ச் சட்டம் 2002லயே வந்தது, இப்பதான் நம்ம மாநிலத்துல சாதாரண ஜனங்க கைக்குப் பணம் போற அளவுக்கு வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா பாபநாசம் மலையில இருக்கிற காணி பழங்குடி மக்களை நினைச்சா அந்த சந்தோஷம் பாதியில நின்னுடுது, அதுக்காகத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் பெருசாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் இங்க ஒரு காலேஜ்ல தாவரவியல் எடுக்கிறேன். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

ஆரோக்கியப்பச்சை கதை உங்க வாசகர்கள்ல கொஞ்ச பேருக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். 1987 டிசம்பர்ல டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில ஒரு ஆராய்ச்சிக் குழு தமிழ்நாடு கேரளா எல்லைல இருக்கிற அகஸ்தியமலைல கேரளா பக்கம் ஏறுறாங்க, வழிகாட்ட காணி ஆட்கள் கூட வர்றாங்க. விஞ்ஞானிங்க எல்லாம் மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டாங்க, கூட வந்த காணி ஆட்களோ மூட்டையையும் தூக்கிக்கிட்டு சாதாரணமா நடக்கிறாங்க, நடுவுல நடுவுல ஏதோ சின்னக் காயை வாயில போட்டுக்கிறாங்க. கேட்டா அவங்களும் ரெண்டு காய் கொடுத்தாங்க, தின்னதும் இவங்களுக்கும் தெம்பு வந்துடுச்சு. என்ன செடின்னு கேட்டதுக்கு முதல்ல சொல்லல, வெளி ஆளுக்கு சொல்லக்கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கட்டு இருக்கு. தப்பாப் பயன்படுத்த மாட்டோம்னு ரொம்ப கேட்டதுக்கு அப்புறம்தான் காட்டினாங்க. மர நிழல்ல தரையோட ஒட்டி வளர்ற சின்னச் செடி, ட்ரைகோபஸ் சைலானிக்கஸ்னு தாவரவியல் பேரு.

அங்கிருந்து செடி திருவனந்தபுரம் பக்கத்துல பாலோடு தாவரவியல் பூங்காவுக்குப் போச்சு. லேப்ல பார்த்தா சோர்வைப் போக்குற குணம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற குணம் எல்லாம் இருக்கு. அதோட அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ஜீவனின்னு ஒரு மருந்து செஞ்சாங்க. 1995ல அந்த ஃபார்முலாவை கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு ஏழு வருஷ லைசென்ஸ்ல கொடுத்தாங்க, லைசென்ஸ் கட்டணம் 10 லட்சம், விற்பனைல 2 சதவீதம் ராயல்டி. அதுல பாதி காணி மக்களுக்குன்னு பாலோடு பூங்காவே முடிவு பண்ணுச்சு. அப்ப இந்தியாவுல இதுக்குன்னு சட்டமே கிடையாது, 1992ல ரியோல கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை மட்டும்தான். யாரும் கேஸ் போடல, யாரும் கட்டாயப்படுத்தல, அவங்களா கொடுத்தாங்க. இன்னைக்கும் உலகத்துல பயன் பகிர்வு பத்தி ஒரு புத்தகமோ கட்டுரையோ வந்தா நம்ம காணி மக்கள் பேரு அதுல பெரும்பாலும் இருக்கும், தென்னாப்பிரிக்காவுல சான் மக்களோட ஹூடியா செடி கதையும் பக்கத்துல இருக்கும்.

நல்லது நடந்தாலும் அதுல இருந்த ஓட்டைகளையும் சொல்லணும். பணத்தை வாங்க 1997 நவம்பர்ல ஒரு ட்ரஸ்ட் பதிவு பண்ணாங்க, பணம் கைக்கு வர 1999 ஆகிடுச்சு. செடிய காட்டினவங்க இருந்த பக்கத்து ஆட்கள்தான் ட்ரஸ்ட்ல அதிகம், மத்த பஞ்சாயத்துகள்ல இருந்த காணிங்க எங்களைக் கேக்கவே இல்லையேன்னு வருத்தப்பட்டாங்க. காணிகள்ல வைத்தியம் பாக்கிறவங்களுக்கு பிளாத்தின்னு பேரு, ஊர்த் தலைவருக்கு மூட்டுக்காணின்னு பேரு. அந்த பிளாத்திங்கள்ல சில பேரு எங்க அறிவை தனியார் கம்பெனிக்கு வித்துட்டாங்கன்னு 1995லயே கேரள முதலமைச்சருக்கு எழுதினாங்க. செடிய வளர்த்து இலை விக்கலாம்னு காணிக் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, வனத்துறை இலை காட்டை விட்டு வெளிய போக விடல, காட்டு நிழல்ல வளர்ந்தாத்தான் அந்தச் செடிக்கு சத்து இருக்கும், வெளிய தோட்டத்துல போட்டா இருக்காதுன்னா அந்த ஜனங்க என்ன பண்ணுவாங்க. இதுக்கு நடுவுல அமெரிக்காவுல ஒரு கம்பெனி ஜீவனிங்கற பேரையே ட்ரேட்மார்க்கா பதிஞ்சுக்கிட்டது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். அந்த ட்ரஸ்ட்டோட பேரு கேரள காணி சமுதாய க்ஷேம ட்ரஸ்ட். பேர்லயே கேரளான்னு இருக்கு. அகஸ்தியமலைக்கு நடுவுல கோடு போட்டது மனுசன், செடிக்கு அது தெரியாது, காணிங்களுக்கும் ஒரு காலத்துல தெரியாது, சொந்தபந்தம் எல்லாம் ரெண்டு பக்கமும் இருக்கு. இந்தப் பக்கம் சின்னமயிலாறு, பெரியமயிலாறு, அகஸ்தியர் நகர், சேர்வலாறு, இஞ்சிக்குழி, கன்னியாகுமரி மாவட்டத்துல பேச்சிப்பாறை பக்கம்னு எத்தனையோ குடியிருப்பு இருக்கு. இதே செடி இந்தப் பக்கமும் வளருது. ஆனா அந்தப் பத்து லட்சத்துலயும் ராயல்டிலயும் தமிழ்நாட்டுக் காணிக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கவே இல்ல. அது மட்டும் இல்ல, இதைப் பத்தி நான் படிச்ச கட்டுரைகள்ல இந்தப் பக்கத்துக் காணிங்களுக்கு ஏன் இல்லன்னு கேள்வி கேட்டது ரொம்ப ரொம்ப கம்மி. அறிவு ஒரே மலையோட அறிவு, பங்கு மட்டும் ஒரு மாநிலத்தோட பங்காப் போச்சு.

குற்றம் சொல்ற இடத்துல நானும் நிக்கிறேன், அதை மறைக்கக்கூடாது. 2009ல எம்.எஸ்சி. பசங்களைக் கூட்டிக்கிட்டு காரையாறு அணைக்கு மேல ஒரு குடியிருப்புக்கு மருந்துச் செடி சர்வேக்குப் போனேன். செக்போஸ்ட்ல பாஸ் வாங்கி, கையில கேள்வித்தாள், செடிய அழுத்தி வைக்க பழைய நியூஸ்பேப்பர் கட்டு, எல்லாம் முறையாத்தான் போனோம். நாலு நாள் தங்கினோம், அவங்க மரவள்ளிக்கிழங்கு அவிச்சுப் போட்டாங்க, ஒரு பெரியவர் முட்டி வலியோட எங்க கூட காடு பூரா நடந்தாரு, ஒவ்வொரு செடியா நின்னு இலைய கசக்கி மோந்து பாக்கச் சொல்லி, இது பாம்புக்கடிக்கு, இது பிள்ளைபெத்தவளுக்கு, இதை ராத்திரி பறிக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நாங்க எழுதிக்கிட்டே வந்தோம். அடுத்த வருஷம் அது ஒரு வெளிநாட்டு ஜர்னல்ல கட்டுரையா வந்தது, எனக்கு ப்ரமோஷனுக்கு அது உதவுச்சு, என் கூட வந்த பசங்கள்ல ஒருத்தனுக்கு பி.எச்டி. சீட்டுக்கு உதவுச்சு. அந்தக் குடியிருப்புக்கு நான் திரும்பப் போகல.

மூணு வருஷம் முன்ன அதே குடியிருப்புல இருந்து ஒரு பொண்ணு எங்க காலேஜ்ல பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தா. அந்த ஊர்ல காலேஜ் வந்த முதல் பொண்ணு. செகண்ட் இயர்ல ப்ராஜெக்டுக்காக நெட்ல தேடி என் கட்டுரையக் கண்டுபிடிச்சு, முழுசாப் படிக்க முப்பது டாலருக்கு மேல கேக்குதுன்னு என்கிட்டயே வந்து காப்பி கேட்டா, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து டேபிள்ல அதை விரிச்சு வச்சு ஒரு வரியில விரலை வச்சா. இன்பார்மன்ட்ஸ் 14ன்னு இருந்துச்சு, அதாவது தகவல் சொன்னவங்க பதினாலு பேருன்னு. "சார், இந்தப் பதினாலுல எங்க தாத்தாவும் இருக்காரா சார்?" அவ தாத்தாதான் அந்த முட்டி வலிக்காரர். ஆமாம்மான்னு சொன்னேன். "பேரு எங்க சார் போட்டிருக்கு?" எங்கயும் இல்ல. நன்றி சொல்ற இடத்துல உள்ளூர் மக்களுக்கு நன்றின்னு ஒரே வரி. வனத்துறைக்கு மூணு வரி இருந்துச்சு, ஜர்னல் கட்டணம் கொடுத்த எங்க நிர்வாகத்துக்கு ரெண்டு வரி இருந்துச்சு. பேரைப் போடாம விட்டது அப்ப இருந்த வழக்கம், பேரு வெளிய தெரிஞ்சா அவங்களுக்குத் தொந்தரவுன்னும் ஒரு நியாயம் சொல்லுவாங்க. ஆனா நான் அந்தப் பெரியவர்கிட்ட பேரு போடட்டுமா வேண்டாமான்னு கேக்கவே இல்லையே. கேட்டு அவர் வேண்டாம்னு சொல்லியிருந்தா அது வேற.

அந்தப் பொண்ணு கோவமாப் பேசல, அமைதியாத்தான் கேட்டா. அன்னையில இருந்துதான் இந்தப் பயன் பகிர்வு விஷயத்தை ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிஞ்சது, ஆராய்ச்சியோட போக்கே மாறிக்கிட்டு வருது, நம்ம சட்டமும் நம்ம ஆபீசுங்களும் இன்னும் இலையையும் வேரையும் எண்ணிக்கிட்டு இருக்கு.

இந்த விஷயத்துல முன்னாடி எல்லாம் எழுதினது மரபறிவுத் திருட்டைப் பத்தி. மஞ்சளுக்கு 1995ல அமெரிக்கா பேட்டன்ட் கொடுத்து நம்ம மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர். சண்டை போட்டு 1997ல ரத்து பண்ண வச்சது, ஐரோப்பாவுல வேப்பம் பேட்டன்ட் 2000ல ரத்தாகி மேல்முறையீடு எல்லாம் முடிய 2005 ஆனது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கப்புறம் சட்டத்தைப் பத்தி எழுதினாங்க, 2010ல பயன் பகிர்வுக்குன்னே நகோயா உலக ஒப்பந்தம், 2014ல அது அமலுக்கு வந்தது, எந்த நாட்டுல எப்படி அனுமதி வாங்கணும், யார் கையெழுத்து போடணும்னு பக்கம் பக்கமா. அப்புறம் விஞ்ஞானிங்க எதிர்ப்பு. 2018ல சயன்ஸ் பத்திரிகைல ஒரு கட்டுரை வந்தது, முன்னாடி நின்னு எழுதினது கேரளாவுல வெள்ளாயணில இருக்கிற ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர், இந்தச் சட்டங்களால ஒரு பூச்சிய பக்கத்து நாட்டு நிபுணருக்கு அனுப்பி அடையாளம் காணக்கூட முடியலன்னு. 35 நாட்டு விஞ்ஞானிங்க கையெழுத்து போட்டாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு, காசுக்கு சம்பந்தமே இல்லாத ஆராய்ச்சியையும் திருடன் மாதிரி நடத்தினா யாரு காட்டுக்குப் போவாங்க.

இப்ப எல்லாரும் பேசுறது டிஜிட்டல் சீக்வென்ஸ் தகவல் பத்தி. செடியே வேண்டாம், அதோட மரபணு வரிசை கம்ப்யூட்டர்ல இருந்தா போதும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூணு இடத்துல இருக்கிற பெரிய டேட்டாபேஸ்கள்ல கோடிக்கணக்கான வரிசைகள் திறந்து கிடக்கு, யாரு வேணும்னாலும் இறக்கிக்கலாம், வேணுங்கிற ஜீனை ஈஸ்ட்ல வச்சு அந்த சத்தை லேப்லயே வளர்த்துக்கலாம். இதை ஏதோ தூரத்து விஷயம்னு நினைக்காதீங்க. அதே ஆரோக்கியப்பச்சையோட முழு மரபணு வரிசைய 2019ல கேரளாவுல இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டாங்க, 34 ஆயிரத்துக்கும் மேல ஜீன் எண்ணியிருக்காங்க. அருமையான வேலை, பாடத்துல பசங்களுக்கு அதைக் காட்டித்தான் நடத்துறேன். ஆனா இனிமே ஒருத்தருக்கு அந்தச் செடில வேலைன்னா மலை ஏற வேண்டாம், வனத்துறைகிட்ட பாஸ் வேண்டாம், காணிகிட்ட காயைக் காட்டுன்னு கேக்க வேண்டாம். சட்டம் செக்போஸ்ட்ல நின்னு மூட்டைய அவுத்துப் பாத்துக்கிட்டு இருக்கு, சரக்கு வேற வழியில போயிடுச்சு.

உலக நாடுகள் இதை யோசிக்காம இல்ல. 2024ல கொலம்பியாவுல காலி நகரத்துல நடந்த மாநாட்டுல ஒரு முடிவு எடுத்தாங்க, இந்த வரிசைகளைப் பயன்படுத்தி லாபம் பாக்கிற பெரிய மருந்து, அழகுசாதன, விதை, பயோடெக் கம்பெனிங்க லாபத்துல 1 சதவீதமோ வருமானத்துல 0.1 சதவீதமோ ஒரு பொது நிதில போடணும், அதுல குறைஞ்சது பாதி பழங்குடி மக்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போகணும்னு. 2025 பிப்ரவரில ரோம்ல காலி நிதின்னு அதைத் தொடங்கியும் வச்சாங்க. ஆனா கம்பெனிகளுக்குக் கட்டாயம் இல்ல, மனசு இருந்தா போடலாம். சரி, நாளைக்கே நல்ல பணம் சேருதுன்னு வச்சுக்குவோம், அதுல ஒரு பங்கு இந்தியாவுக்கு வருதுன்னும் வச்சுக்குவோம், சேர்வலாறுல இருக்கிற ஒரு காணிக் குடும்பத்துக்கு அது எந்த வழியில வந்து சேரும்? அந்த மக்கள் பேருல ஒரு அமைப்பு வேணும், ஒரு கணக்கு வேணும், இந்த அறிவு இவங்களோடதுன்னு ஒரு பதிவு வேணும். 30 வருஷம் முன்னாடி ட்ரஸ்ட் இல்லாம மலைக்கு அந்தப் பக்கத்துப் பணம் நின்ன மாதிரி இந்தத் தடவை இந்தப் பக்கம் நின்னுடக்கூடாது.

பதிவு இருக்கே, ஊர் ஊரா செடிகொடியையும் மரபறிவையும் எழுதி வைக்கிற மக்கள் பல்லுயிர் பதிவேடு இருக்கேன்னு சொல்லுவாங்க. இருக்கு, நாடு பூரா ரெண்டரை லட்சத்துக்கு மேல போட்டிருக்காங்க. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரிக்குள்ள முடிக்கணும்னு கெடு வச்சதும் அவசர அவசரமாப் போட்டது நிறைய. நான் பாத்த ஒரு பஞ்சாயத்துப் பதிவேட்டுல கருவேலம், வேம்பு, புங்கன்னு எந்த ஊருக்கும் பொருந்துற லிஸ்ட்தான் இருக்கு, அந்த ஊர்ல வர்மமும் நாட்டு வைத்தியமும் பாத்த பாட்டி பேரு ஒரு இடத்துலயும் இல்ல, அந்தப் பாட்டியும் போன வருஷம் போயிட்டாங்க.

சட்டத்துல வந்த ஒரு திருத்தத்தையும் சொல்லணும். 2018ல உத்தராகண்ட் ஹைகோர்ட் திவ்யா பார்மசி கேஸ்ல இந்தியக் கம்பெனியா இருந்தாலும் பங்கு கொடுத்துத்தான் ஆகணும்னு தீர்ப்பு சொன்னது, நல்ல தீர்ப்பு. ஆனா 2023 திருத்தத்துல, புத்தகத்துல எழுதி வச்ச மரபறிவைப் பயன்படுத்தினா பங்கு வேண்டாம்னு விலக்கு கொடுத்துட்டாங்க. சித்த, ஆயுர்வேத நூல்ல இருக்கிறதுக்கு விலக்கு, வாய்மொழியா இருக்கிறதுக்கு மட்டும் பங்கு. எனக்கு சித்த வைத்தியத்து மேல பெரிய மதிப்பு உண்டு, அதுல குறுக்க நிக்கணும்னு சொல்லல. ஆனா புத்தகத்துல பேரு இருந்தா மட்டும் செடி தானா நடந்து கம்பெனிக்கு வந்துடாது, அதைக் காட்டுல தேடிப் பறிக்கிறதும், எப்ப பறிக்கலாம் எவ்வளவு விட்டு வைக்கணும்னு தெரிஞ்சு காப்பாத்துறதும் இதே ஜனங்கதான். பங்கோட அளவும் குறைஞ்சுதான் இருக்கு. ஜீவனிக்கு சட்டமே இல்லாத காலத்துல விற்பனைல 2 சதவீதம் ராயல்டி, அதுல பாதி காணிக்குன்னா 1 சதவீதம் ஆச்சு. 2025ல வந்த புது விதிப்படி 5 கோடி வரைக்கும் விற்பனை இருக்கிற கம்பெனி ஒண்ணும் கொடுக்க வேண்டாம், 250 கோடிக்கு மேல போனாலும் 0.6 சதவீதம்தான். சின்னக் கம்பெனிங்களுக்கு விலக்கு கொடுத்ததுல எனக்கு வருத்தம் இல்ல, பெரிய கம்பெனிக்கு இவ்வளவு குறைச்சது ஏன்னுதான் கேக்கிறேன்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. தமிழ்நாடு பல்லுயிர் வாரியம் பாபநாசம், பேச்சிப்பாறை மூட்டுக்காணிங்களையும் பிளாத்திங்களையும் கூப்பிட்டு உட்கார வச்சு, அவங்க பேருலயே அவங்க நிர்வாகம் பண்ற மாதிரி ஒரு அமைப்பு பதிவு பண்ண உதவணும், அது கேரளா பக்கத்து ட்ரஸ்ட்டோட சேர்ந்து பேசவும் வழி பண்ணணும். 2006 வன உரிமைச் சட்டத்துல பழங்குடி மக்களோட மரபறிவு மேல சமுதாய உரிமைன்னு தெளிவா இருக்கு, அதை இங்க யாரும் எடுத்துப் பேசுற மாதிரி தெரியல. அப்புறம் எங்க மாதிரி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். மலைக்குப் போய் எழுதிட்டு வர்ற யாரா இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள்ள அதைத் தமிழ்ல எழுதி அந்த ஊருக்குத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பி.எச்டி. வைவான்னு யூனிவர்சிட்டிங்க விதி போடலாம், இதுக்கு காசு கூட ஆகாது. ஜீன் வரிசைய டேட்டாபேஸ்ல ஏத்துறப்ப எந்த நாடுன்னு கேக்கிறாங்க, எந்த மக்கள் காட்டின செடின்னும் ஒரு கட்டம் இருந்தா நாளைக்கு காலி நிதி மாதிரி பணம் வர்றப்ப தேடிப் பிடிக்க ஒரு நூல் இருக்கும். 2024 மே மாசம் ஜெனீவாவுல ஒத்துக்கிட்ட உலக ஒப்பந்தத்துல, பேட்டன்ட் கேக்கிறவங்க செடி எந்த நாடு, அறிவு எந்த மக்களோடதுன்னு சொல்லணும்னு வந்திருக்கு, பேட்டன்டுக்கு முடியும்னா டேட்டாபேஸுக்கும் முடியும்.

உங்க பேப்பர்ல இருந்து ஒரு நிருபரை மலைக்கு அனுப்புங்க ஐயா. செம்மரத்துக்குப் பணம் வந்த செய்தியப் போட்ட மாதிரி, ஆரோக்கியப்பச்சைக்கு இந்தப் பக்கம் பணம் ஏன் வரலன்னும் போடுங்க. காரையாறு பஸ் பாபநாசத்துல இருந்தே கிடைக்கும்.

அந்தப் பொண்ணு இப்ப எம்.எஸ்சி. சேர்ந்திருக்கா. என் கட்டுரைல இருந்த 52 செடியையும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து தமிழ்ல எழுதி முடிச்சுட்டோம், காணிங்க வைக்கிற பேரோட, அவ தாத்தா அன்னைக்கு சொன்ன பக்குவத்தோட. எதை வெளிய சொல்லலாம் எதை ஊருக்குள்ளயே வச்சுக்கணும்னு அவங்க மூட்டுக்காணி பாத்துப் பிரிச்சுக் கொடுத்த பிறகுதான் பைண்ட் பண்ணணும்னு அவ கண்டிப்பா சொல்லிட்டா, அதனால ரெண்டு கட்டா வச்சிருக்கோம். முதல் பக்கத்துல பதினாலு பேருக்கும் இடம் விட்டிருக்கு. பன்னிரண்டு பேரு பேரு போடச் சொல்லி அனுப்பிட்டாங்க, ரெண்டு பேரு இப்ப இல்ல, அவங்க வீட்டுல கேட்டுட்டு வர அடுத்த வாரம் நானும் அவளும் மேல போறோம்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியர்,
விக்கிரமசிங்கபுரம்.